ஒரு வீட்டில் இரு மாணவர்

(சங்க ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

     

ஆண்டுதோறும் இம்மேடையில் தமிழகத்திலிருந்து வந்த அறிஞர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு, இக்குடியிருப்பிலேயே 32 ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற என்னைப் பேசுமாறு பணித்தீர்கள். இலக்கியம் பேசும் தகுதி எனக்கில்லை. ஆதலால் நான் அறிந்த பள்ளிக்கூடத்தைப் பற்றியே பேச எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு விழாவில், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் சிறந்த தேர்ச்சி பெற்ற நம் பிள்ளைகள் 14 பேர் மேடை ஏறிப் பரிசு பெற்றனர். அவருள் 11 பேர் பெண்கள். அவ்வேளையில் நம் ஆண் பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர் என்று திரும்பிப் பார்த்தேன். சிலர் ஒலிபெருக்கியின் கம்பிகளைச் சரிசெய்துகொண்டிருந்தனர். சிலர் நாற்காலி சுமந்தனர். எஞ்சியோர் மண்டபத்திற்கு வெளியே நின்றிருந்தனர். என் அருகில் அமர்ந்திருந்த அம்மையார், "பெண் குழந்தைகளுக்குப் படிப்பு தானாகவே வந்துவிடுகிறது. பையன்களுக்கு விளையாட்டுப் புத்தி. படைப்பே அப்படி!" என்றார். சிரித்துக்கொண்டே அவர் சொன்ன சொல் அது. எனினும் அஃது என் உள்ளத்தில் தங்கிவிட்டது. ஏனெனில் அதே சொல்லை ஆசிரியர் அறையில் நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அது மெய்தானா என்று எண்ணிப் பார்ப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

படைப்பின் வேற்றுமையா?

நம் குடியிருப்பில் காணும் காட்சியே நாடெங்கும் காணப்படுகிறது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில், 2019ஆம் ஆண்டில் பெண்களில் 88.70 விழுக்காட்டினரும் ஆண்களில் 79.40 விழுக்காட்டினரும் தேர்ச்சி பெற்றனர். 2024ஆம் ஆண்டில் பெண்கள் 91.52, ஆண்கள் 85.12. உயர்கல்வியில் சேரும் விகிதத்திலும் பெண்கள் ஆண்களை முந்திவிட்டனர். 2018-19ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் பெண்களின் சேர்க்கை விகிதம் 26.4; ஆண்களின் விகிதம் 26.3. வேற்றுமை சிறிதே. ஆயினும் அம்மாற்றம் பெரிது.

இவ்வெண்களைக் கண்டவுடன், பெண்ணுக்குப் படிப்பு இயல்பு, ஆணுக்கு அஃது அரிது என்று முடிவு கட்டத் தோன்றும். அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகிறது. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1951ஆம் ஆண்டில் எழுத்தறிந்த ஆண்கள் ஏறத்தாழ 27 விழுக்காடு. பெண்கள் 9 விழுக்காட்டிற்கும் குறைவு. படிப்பு பெண்ணுக்கு இயல்பாக வருவது என்றால், அந்நாளில் அவ்வியல்பு எங்கே போயிருந்தது? அன்றைய பெரியோர் இதற்கு நேர்மாறான ஒன்றைச் சொன்னார்கள். பெண்ணின் மூளைக்குப் படிப்பு ஏறாது என்றார்கள். அதற்கும் படைப்பையே சான்றாகக் காட்டினார்கள்.

1848ஆம் ஆண்டில் புனே நகரில் சாவித்திரிபாய் பூலேயும் அவர் கணவர் சோதிராவ் பூலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினர். அதற்காக அவர்கள் பெற்ற வசவு கொஞ்சமன்று. நம் தமிழகத்தில், குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சுப்புலட்சுமி அம்மையார் 1911ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே இளங் கைம்பெண்கள் படிப்பதற்குச் சென்னையில் ஓர் இல்லம் கண்டார். அதே 1912ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையார் மருத்துவப் பட்டம் பெற்றார். அவர்கள் காலத்தில் கதவு மூடியிருந்தது. மூடியிருந்த கதவை இயற்கை என்று மக்கள் எண்ணினர்.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் அவ்வெண்ணம் முற்றிலும் அகலவில்லை. 1952-53ஆம் ஆண்டுகளில், நம் தமிழகத்து அறிஞர் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பெண்கள் பள்ளிகளில் மனையியல் கற்பதற்குத் தனி வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. பத்தாண்டுகள் கழித்து, அம்சா மேத்தா அம்மையார் தலைமையில் மற்றொரு குழு இதை ஆராய்ந்தது. தொடக்க, நடுநிலை வகுப்புகளில் ஆணுக்கு ஒரு பாடம், பெண்ணுக்கு ஒரு பாடம் என்று பிரித்தல் கூடாது என்பது அக்குழுவின் கருத்து. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு அவ்வழியே சென்று, முதல் பத்து ஆண்டுப் படிப்பில் அறிவியலும் கணிதமும் அனைவர்க்கும் கட்டாயம் என்றது. நான் கணக்கு ஆசிரியை ஆனதற்கும், என் வகுப்பில் பெண்கள் அமர்ந்ததற்கும் அப்பரிந்துரைக்கு நான் நன்றி செலுத்துதல் வேண்டும்.

மிதிவண்டி சொன்ன செய்தி

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று. பீகார் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்குவதற்கு அரசு பணம் கொடுத்தது. அவ்வளவே. புதிய பாடம் இல்லை. புதிய ஆசிரியரும் இல்லை. பொருளியல் அறிஞர்கள் அதன் பயனைப் பின்னர் ஆராய்ந்தனர். உரிய வயதில் உயர்நிலை வகுப்பில் சேரும் பெண்களின் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயர்ந்திருந்தது. ஆண் பெண் இடைவெளியில் 40 விழுக்காடு குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே இப்பயன் மிகுந்து காணப்பட்டது. அப்பெண்களைப் படிப்பில் ஆர்வமற்றவர்கள் என்று அதுவரை எண்ணியிருந்தோர் எத்தனை பேரோ! ஆர்வம் அவர்களிடம் இருந்தது. பள்ளிக்குச் செல்லும் வழிதான் அவர்களுக்கு இல்லை.

இதிலிருந்து நான் கற்ற பாடம் இது. ஒரு பிள்ளை பள்ளியில் ஒட்டுகிறதா, ஒட்டாமல் விலகுகிறதா என்று காணும்போது, பிள்ளையின் உள்ளே மட்டும் காரணத்தைத் தேடக்கூடாது. அப்பிள்ளை நடந்து வந்த வழியையும் பார்த்தல் வேண்டும். அவ்வழி நம் வீட்டு வாயிற்படியிலிருந்தே தொடங்குகிறது.

முத்துப் போன்ற எழுத்து

நம் வீட்டுப் பெண் ஏன் நன்றாகப் படிக்கிறாள்? அமரச் சொன்னால் அமர்ந்திருக்கவும், தொடங்கியதை முடிக்கவும், பெரியவர் முகம் கோணாமல் நடக்கவும் மூன்று வயது முதல் அவளை நாம் பழக்குகிறோம். பள்ளிக்கூடம் கேட்பதும் இவற்றைத்தான். ஆதலால் பள்ளி அவளுக்கு வீட்டின் தொடர்ச்சியாக அமைந்துவிடுகிறது. மேலும் ஒரு காரணம் உண்டு. வெளியே செல்லவும், தோழியரோடு பேசவும், தன் பெயர் சொல்லி அழைக்கப்படவும் அவளுக்குள்ள இடம் பள்ளி ஒன்றே. மதிப்பெண் குறைந்தால் படிப்பு நின்றுவிடுமோ என்னும் அச்சமும் அவளுக்கு உண்டு. பையனுக்கோ மாலையில் மைதானம் இருக்கிறது, தெருமுனை இருக்கிறது, எப்படியும் ஒரு வேலை தேடிக் கொடுப்பார்கள் என்னும் நம்பிக்கையும் இருக்கிறது.

வீட்டு வேலையையும் எண்ணிப் பாருங்கள். 2024ஆம் ஆண்டில் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இக்கணக்கில் 6 வயது முதற்கொண்டு எல்லோரும் அடங்குவர். நம் வீட்டில் விருந்தினர் வந்தால் தண்ணீர்ச் செம்பை எடுத்து வருவது யார்? தேர்வுக்கு முதல் நாளானாலும் அவள்தான்.

இவ்வாறு பழகிய பெண்ணின் படிப்பில் ஒரு குறையும் தங்கிவிடுகிறது. அதை நான் ஒருநாள் கண்ணால் கண்டேன். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் ஒரு வரியில், கழித்தல் குறி இட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி இட்டுவிட்டேன். அதை நான் அறியவில்லை. முதல் வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி, நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான், தன் குறிப்பேட்டில் அதைச் சரியாகத் திருத்தி எழுதிக்கொண்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "டீச்சர், அது எப்படி வந்தது?" என்று உரக்கக் கத்தினான். நான் சினங் கொண்டேன். "கத்தாதே! முதலில் உன் நோட்டை ஒழுங்காக எழுது" என்று அதட்டினேன். வகுப்பு சிரித்தது. மாலையில் குறிப்பேடுகளைத் திருத்தும்போதுதான் என் பிழையைக் கண்டேன். அவள் ஏட்டில் முத்து முத்தான எழுத்து; விடை சரி. அவன் ஏட்டில் அப்பக்கம் வெறுமையாக இருந்தது.

அன்று அவ்விருவருக்கும் நான் கணக்கைக் கற்பித்ததைக் காட்டிலும் வேறொன்றை அழுத்தமாகக் கற்பித்துவிட்டேன். வாய் திறவாதிருத்தலே நன்மை என்று அவள் கற்றாள். கேட்பது குற்றம் என்று அவன் கற்றான். மறுநாள் வகுப்பில் என் பிழையை ஒப்புக்கொண்டேன். ஆனால் அப்பையனிடம் தனியே ஒரு சொல் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வாய் திறவாத அந்நன்மை பெண்ணுக்குத் தேர்வு வரையில் துணை நிற்கிறது. அதற்கப்பால் கைவிட்டு விடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது அவள் தனக்கு வேண்டியதைக் கேட்பதில்லை. கிராமப்புறங்களில் 2023ஆம் ஆண்டில் நடந்த அசர் ஆய்வில், 14 முதல் 18 வயது வரையுள்ள மாணவரில் அறிவியல், கணிதம் சார்ந்த பிரிவுகளில் படித்த ஆண்கள் 36.3 விழுக்காடு, பெண்கள் 28.1 விழுக்காடு. ஐ.ஐ.டி. நிறுவனங்களில் 2016ஆம் ஆண்டளவில் பெண்கள் ஏறத்தாழ 8 விழுக்காடே இருந்தனர். 2018ஆம் ஆண்டு முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் ஏற்படுத்திய பின்னரே அந்நிலை மாறத் தொடங்கியது. படிப்பு முடிந்த பின்னர்? 2023-24ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 விழுக்காட்டினர் உழைப்பாளர் தொகுதியில் இருந்தனர், பெண்களில் 41.7 விழுக்காட்டினரே இருந்தனர். பரிசுக் கோப்பை அலமாரியில் இருக்கிறது; பரிசு பெற்றவள் அடுப்பங்கரையில் இருக்கிறாள்.

கடைசி வரிசை

இனி நம் ஆண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வேன். பெண்ணுக்கு நேர்ந்த அநீதியைப் பேசுவோர், பையனுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுவதும் பிழையே.

பையனுக்கு நாம் இரண்டு ஏற்பாடுகள் வைத்திருக்கிறோம். ஒன்று செல்லம், மற்றொன்று அடி. "ஆண் பிள்ளை அப்படித்தான் இருப்பான்" என்று சிறு வயதில் விட்டுவிடுகிறோம். தன் தட்டைத் தான் கழுவப் பழக்குவதில்லை. தன் புத்தகப் பையைத் தான் அடுக்கப் பழக்குவதில்லை. பள்ளிக்கு வந்தவுடன் அவனால் அமர முடிவதில்லை. உடனே அடிக்கிறோம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்தும் தண்டனையையும் தடை செய்கிறது. பிரம்பு மறைந்தது, ஆனால் வசைச் சொல் மறையவில்லை. "கடைசி வரிசை" என்பதையே நாம் ஒரு வசைச் சொல்லாக்கிவிட்டோம்.

செல்லமும் அடியும் போதாவென்று, சம்பாதிக்கும் சுமையையும் அவன் தலையில் ஏற்றுகிறோம். வசதி குறைந்த இல்லங்களில் பையன் பத்தாம் வகுப்புக்கு முன்னரே வேலைக்குப் போகிறான். 2021-22ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி, உயர்நிலை வகுப்புகளில் இடைநின்ற ஆண் பிள்ளைகள் ஏறத்தாழ 13 விழுக்காடு. பெண் பிள்ளைகள் 12.3 விழுக்காடு. 2022ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம், பள்ளியிலிருந்து விலகும் ஆண் பிள்ளைகளைப் பற்றியே ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. உலகில் 13.2 கோடி ஆண் பிள்ளைகள் பள்ளிக்கு வெளியே இருப்பதாக அது கூறியது. வறுமை, வேலைக்குச் செல்லும் கட்டாயம், கடுமையான தண்டனை, ஆண் என்றால் இப்படி இருத்தல் வேண்டும் என்னும் சமூக எண்ணம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டியது. பிறவிக் குணம் அப்பட்டியலில் இல்லை.

நம்மைப் போன்ற மாதச் சம்பளக் குடும்பங்களில் அச்சுமை வேறு வடிவம் கொள்கிறது. பையனை வேலைக்கு அனுப்புவதில்லை, கோச்சிங்குக்கு அனுப்புகிறோம். அவன் விருப்பத்தைக் கேளாமலே அறிவியல் பிரிவில் சேர்க்கிறோம். காலையில் பள்ளி, மாலையில் வகுப்பு, இரவில் மாதிரித் தேர்வு. அவன் செல்பேசியில் முகம் புதைத்துக் கொள்வதைக் கண்டு வருந்துகிறோம். அவன் ஒளிந்துகொள்ள வேறிடம் உண்டா என்று எண்ணுவதில்லை.

அன்று கடைசி வரிசையில் கத்திய பையனைப் பல ஆண்டுகள் கழித்துச் சந்தித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று. காயில் கட்டும் பட்டறை ஒன்றிற்குக் கொண்டுபோனால், பட்டறை உரிமையாளர் எழுந்து நின்று, "டீச்சர்!" என்று கைகூப்பினார். அவர்தான். எத்தனை சுற்று, எவ்வளவு கனமுள்ள கம்பி என்று ஒரு துண்டுத் தாளில் விரைவாகக் கணக்கிட்டார். "உனக்கு இவ்வளவு நன்றாகக் கணக்கு வருமா, அப்பா?" என்றேன். "எப்போதும் வரும், டீச்சர். எட்டாம் வகுப்புக்குப் பிறகு வகுப்பில் எதையும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்டால் திட்டு விழும் என்று பயம்" என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. கூலியும் வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியெல்லாம் அந்தக் கூட்டல் குறியே என் கண்முன் நின்றது.

என் வீட்டுக் கதை

பிறர் பிள்ளைகளைப் பற்றிப் பேசி, என் வீட்டை மறைத்தல் முறையாகாது. எனக்கு ஒரு மகள். அவளுக்கு இரண்டு வயது இளையவன் ஒரு மகன். இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் மகள் 96 மதிப்பெண் பெற்றாள். பொறியியல் படிக்க அவளுக்கு விருப்பம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். தெரியும் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் வாய் திறந்து கேட்கவில்லை. மகனைக் கோச்சிங்குக்கு வெளியூர் அனுப்பப் பணம் வேண்டும். வைப்புநிதியில் ஒருமுறைதான் கடன் வாங்க முடியும் என்று நானும் என் கணவரும் கணக்குப் போட்டோம். மகளை, வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்த்தோம். "நல்ல பெண், எதற்கும் அடம் பிடிக்கமாட்டாள்" என்று உறவினரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

மகன் இரண்டு ஆண்டுகள் வெளியூரில் விடுதியில் இருந்தான். வாரந்தோறும் மதிப்பெண் பட்டியல் வந்தது. மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் பெட்டியுடன் திரும்பி வந்து நின்றான். அவனுக்குப் பொருளியல் படிக்க விருப்பமாம். "இதை முன்னமே சொல்லியிருக்கலாமே" என்றேன். "நீங்கள் கேட்கவே இல்லையே, அம்மா" என்றான். பின்னர் அவன் பொருளியலே படித்தான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். இழந்த இரண்டு ஆண்டுகளைப் பற்றி இப்போதும் அவன் பேசுவதில்லை.

மகள் திருமணமாகி வேறு நகரில் வாழ்கிறாள். அவள் பெண்ணைப் பள்ளியில் சேர்த்த அன்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சினிடையே அவள், "அம்மா, அன்று நான் அழுது கேட்டிருந்தால் பொறியியல் சேர்த்திருப்பீர்களா?" என்றாள். என்னால் விடை கூற இயலவில்லை. சேர்த்திருப்போம் என்று சொன்னால், அவள் நல்ல பெண்ணாக இருந்ததே அவளுக்குக் கேடாயிற்று என்று பொருள். சேர்த்திருக்க மாட்டோம் என்றால், அதைவிடக் கொடிது வேறில்லை. ஆயிரம் கணக்குகளுக்கு விடை சொன்ன எனக்கு, இந்த ஒரு வினாவுக்கு இன்றளவும் விடை தெரியவில்லை.

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே! என் கதையைக் கூறியது உங்கள் இரக்கத்தைப் பெறுவதற்காக அன்று. இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளம் பெற்றோர்க்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆதலால் சிலவற்றை வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, வீட்டு வேலையைப் பங்கிடுங்கள். பையன் தன் தட்டைக் கழுவட்டும். தன் சட்டையை மடிக்கட்டும். விருந்தினர்க்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கட்டும். இதனால் பெண்ணுக்கு நேரம் கிடைக்கும். பையனுக்கும் பயன் உண்டு. தொடங்கிய வேலையை முடிக்கும் பழக்கம் சமையலறையில் வந்தால் குறிப்பேட்டிலும் வரும்.

இரண்டாவது, படிப்புச் செலவை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மகளுக்கு எவ்வளவு, மகனுக்கு எவ்வளவு என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். பேருந்துக் கட்டணம், டியூஷன், புத்தகம் எல்லாம் அதில் அடங்கட்டும். கூட்டிப் பார்த்த பின்னர் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் அத்தாளை நான் எழுதவே இல்லை.

மூன்றாவது, மகன் படிக்கும்போது தந்தை அருகில் அமருங்கள். படிப்பு என்பது அம்மாவும் அக்காவும் செய்யும் காரியம் என்று பையன் எண்ணிக்கொள்கிறான். தந்தை கையில் ஒரு புத்தகத்தைக் காணும் பையன் அவ்வாறு எண்ணமாட்டான். ஆலையில் மூன்று முறை மாறி மாறி வேலை பார்ப்போர்க்கு இது கடினம், நான் அறிவேன். வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் போதும்.

நான்காவது, இரு பிள்ளைகளையும் கேளுங்கள். நம் மொழியில் கேள்வி என்னும் சொல்லுக்கு வினவுதல் என்றும் பொருள். செவி கொடுத்தல் என்றும் பொருள். வள்ளுவப் பெருந்தகை கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்து, அதன் அண்மையிலேயே கேள்விக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். "இன்று என்ன மதிப்பெண்?" என்று நாம் நாள்தோறும் கேட்கிறோம். "இன்று வகுப்பில் என்ன கேட்டாய்?" என்று மகளிடம் கேளுங்கள். "உனக்கு எதைப் படிக்க விருப்பம்?" என்று மகனிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் விடை சொல்லி முடிக்கும் வரையில் பொறுத்திருங்கள்.

இறுதியாக நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இம்மண்டபத்தில் தமிழ் வகுப்பு நடக்கிறது. அதற்கு வருவோர் பெரும்பாலும் பெண் பிள்ளைகள். பையன்கள் அந்நேரத்தில் கோச்சிங்கில் இருக்கின்றனர். அன்றேல் கிரிக்கெட் ஆடுகின்றனர். விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது பெண்கள், கோலமிடுவது பெண்கள், நடனம் ஆடுவதும் பெண்களே. பள்ளிப்பாடத்தைப் போலவே தாய்மொழியையும் பெண்ணின் பொறுப்பாக ஆக்கிவிட்டோமோ என்று அஞ்சுகிறேன். சங்க காலத்தில் ஔவையாரும், வெள்ளிவீதியாரும், காக்கைபாடினியாரும் ஆண்பாற் புலவரோடு ஒருங்கே வைத்து எண்ணப்பட்டனர். தமிழில் அன்று இருபாலார்க்கும் இடம் இருந்தது. வரும் ஆண்டு விழாவில் வாழ்த்துப் பாடும் குழுவில் பையன்கள் நிற்கட்டும். ஒலிபெருக்கியின் கம்பிகளை இரண்டு பெண்கள் சரிசெய்யட்டும். பழுது வந்தால் எப்படிச் சீர்செய்வது என்று கற்றுக்கொடுக்கப் பட்டறைக்காரர் ஒருவரை நான் அழைத்து வருகிறேன். அவர் கணக்கிலும் வல்லவர்.

முன் வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைகளே! உங்களுக்கு ஒரு சொல். ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதினால், எழுந்து நின்று பணிவோடு சொல்லுங்கள். பெண்ணாயினும் சொல்லுங்கள், கடைசி வரிசையாயினும் சொல்லுங்கள். பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை எங்களுக்குத் தாருங்கள்.